கழுத்து வரைக்கும் மண்

தை 5, திங்கள்

நல்ல பனி. மலை தெரியல. நிழல்வலைக்குள்ள இன்னும் பதினோரு ஸ்ட்ராபெரிச் செடி வாடித் தொங்கிருச்சு. தண்ணி விட்டும் எந்திரிக்கல.

மாமனார் வலைக்கு வெளிய நின்னே சொல்லிட்டுப் போறார். வெள்ளிக்கிழமை டிராக்டர் வருதாம், இதை உழுதுட்டு மக்காச்சோளமாம். இந்த மண்ணுக்கு ஸ்ட்ராபெரி ஆகாதாம். மம்சாபுரம் உரக்கடையிலயும் அதே பாட்டு, வெயில் தாங்காதுன்னு. மார்கழிப் பனியிலயே சாக ஆரம்பிச்ச செடிக்கு வெயிலாம்! போங்கடா. ராஜபாளையம் பேக்கரிக்குப் பழம் தாரேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

பால். ரேஷன் கார்டு ஜெராக்ஸ். கத்தி தீட்டணும்.

தை 6, செவ்வாய்

தொங்கின செடி ஒண்ணப் பிடுங்கிப் பாத்தேன். புழு இல்ல. வேர் நல்லாத்தான் இருக்கு. வேருக்கு மேல, இலை கிளம்புற குட்டைத் தண்டை நெடுக்க வெட்டினா உள்ள செங்கல் கலர். நல்ல செடியில அதே இடம் வெள்ளை. வெயில்ல வாடினா உள்ள ஏன் சிவக்கணும்? ஈரப் பேப்பர் போட்டு டிபன் பாக்ஸ்ல மூடி வச்சிருக்கேன்.

வீட்டுக்காரர் போன், மிலிட்டரி கேம்ப்லேருந்து. அப்பா சொல்றதக் கேளேங்கிறார். நீங்க அங்க காவல் இருங்க, இங்க நான் பாத்துக்கிடுதேன்னு வச்சுட்டேன். பொறவு செத்த நேரம் அழுகை.

தை 8, வியாழன்

டப்பாவைத் திறந்தா வெட்டின இடத்துல ஆரஞ்சுக் கலர்ல பிசுபிசுன்னு. உடனே பஸ், ஸ்ரீவில்லிபுத்தூர். வேளாண் ஆபீஸ் மேடம் மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு, பூஞ்சை, தண்டு அழுகல்னாங்க. மண்ணும் இல்ல, வெயிலும் இல்ல, ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன்.

"எப்படி நட்டீங்க?"

மிளகாய்க்கு அணைக்கிற மாதிரி, கழுத்து வரைக்கும் மண்ணு அணைச்சோம்னேன். அந்தக் குட்டைத் தண்டு மண்ணுக்கு மேல இருக்கணுமாம். மூடினா ஈரத்துலயே கிடந்து பூஞ்சை பிடிச்சுக்கிடுமாம்.

அணைக்கச் சொன்னது நான்தான். நல்லா ஏத்தி அணைங்கன்னு பக்கத்துலயே நின்னு விரட்டினேன். திரும்புற பஸ்ல யார் மூஞ்சியும் பாக்கல. வெக்கம்.

தை 9, வெள்ளி

விடிஞ்சதுமே நானும் கூலிக்கு வர்ற செல்லத்தாயும். நோய்ச் செடி அம்புட்டையும் பிடுங்கி எரிச்சாச்சு. மிச்சத்துக்குக் கையாலயே மண்ணை விலக்குறோம். நகமெல்லாம் போச்சு. மூணு பாத்தி முடிஞ்சப்போ டிராக்டர்.

மாமனார்கிட்ட நேராச் சொல்லிட்டேன்.

"மண்ணும் நல்ல மண்ணு, செடியும் நல்ல செடி மாமா. தப்பு பண்ணினது நான்."

"நீயே ஒத்துக்கிட்ட. பொறவென்ன, ஓட்டிர வேண்டியதுதான?"

"பண்ணினவளே சரி பண்ணுதேன். ஓட்ட விடமாட்டேன்."

பாத்தி நடுவுலயே உக்காந்துட்டேன். டிரைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு இஞ்சினை நிறுத்தினான். மாமனார் டிராக்டரைத் திருப்பச் சொன்னார். மாசி பொறக்கிற வரைக்கும்தான் பொறுப்பேன்னார்.

எந்திரிச்சு, மண்ணை விலக்க நாலாவது பாத்தியில கைய வச்சேன்.