ரெண்டு விரல் அகலம் திறந்த சன்னல்

ஒஸ்வால்தோ,

உன் தங்கச்சி மக நூரியா ஸ்பெயின்லேருந்து மூணு மணிக்கு வந்துடுவா. அங்க இப்போ கொளுத்துற வெயில். ஜூலைன்னா நம்ம புவனோஸ் ஐரிஸ்லயும் அப்படித்தான்னு பெட்டி நிறைய மெல்லிசுத் துணியா அடுக்கியிருக்காளாம். இங்க குளிர்காலம்னு அவளுக்குத் தெரியல. என் கம்பளிக் கோட்டை அவளுக்குக் கொடு. அடுப்புல லோக்ரோ, அந்தச் சோளமும் கறியும் போட்ட குழம்பு, இருக்கு, சுட வச்சுப் போடு. நான் வேலையிலேருந்து வர எட்டாகும்.

அவ அறையில கேஸ் ஹீட்டர் எரியறப்போ சன்னல் ரெண்டு விரல் அகலம் திறந்தே இருக்கணும். குளிருதுன்னு மூடிடுவா. ஹீட்டர்லேருந்து வர்ற விஷக்காத்துக்கு வாசனை கிடையாதுன்னு அவளுக்கு யார் சொல்லியிருப்பா? நீயே சொல்லு.

கிராசியேலா

சொல்ல விட்டுட்டேன். நேத்து சண்டையில நீ ஓங்கிச் சாத்தினியே, அதே சன்னல்தான். இப்போ இழுத்துப் பார்த்தேன், இறுகிப்போய் அசையல. என்கூடப் பேசாட்டியும் பரவாயில்ல. அவ வர்றதுக்குள்ள அதைத் திறந்து வை.