குழந்தை எங்கேன்னு கேட்டாங்க, அப்பா

சத்தமில்லாத இடத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு,

உங்க மகளுக்கு ஆட்டிசம்னு நாப்பத்திமூணு வயசுல டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காருங்க. சொந்தபந்தம் 'திமிரு புடிச்சவ'ன்னு பேசினதுக்கெல்லாம் அதுதான் பேராம். நிம்மதியில அழுதுபோட்டேன்.

அதோட முடிஞ்சுதா? நான் வேலை பார்க்கிற காலேஜ் நூலகத்துல, கூட்டம் மொய்க்கிற முன்மேசையை விட்டு உள் அறையில உக்காரணும்னா அரசாங்கத்தோட மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேணுமாம். இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா வேலையை விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாங்க.

சூலூர்ல பஸ் ஏறி, அந்தச் சான்றிதழ் கொடுக்கிற கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் கொடுக்கிற மகராசி நிமிர்ந்துகூடப் பார்க்கல.

"குழந்தை எங்கங்க?"

"நான்தாங்க."

"ஏனுங்க, வெளையாடறீங்களா?"

விளையாடத்தான் ஏற்பாடு பண்ணியிருக்காங்க, அப்பா. முழங்கால் உசரத்துக்கு நாற்காலி, சுவரெல்லாம் கரடிப் படம். பதினெட்டு வயசானா ஆட்டிசம் தானா உதிர்ந்துடும்னு நினைக்கிற அறிவாளிங்க கட்டின ரூம்.

உள்ளே ஒரு அதிகாரி. "கண்ணைப் பார்த்துப் பேசறீங்க, வேலைக்குப் போறீங்க, உங்களுக்கு என்னங்க குறை?" நான் பார்க்கிறது உங்க மூக்கைத்தாங்கன்னு சொன்னேன். அதெல்லாம் அவர் காதுல ஏறுமா? "சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு அப்பா அம்மா வந்து சொல்லோணும். கூட்டிட்டு வாங்க."

நீங்க போய் ஆறு வருஷம், அம்மா அதுக்கும் முன்னாடியேன்னு சொன்னேன். "அப்ப வேற ஆதாரம் கொண்டாங்க"ன்னுட்டு டீயை உறிஞ்சினாரு. மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. நம்மூர்ல கழுத்தைப் புடிச்சுத் தள்ளறப்பவும் 'ங்க' போட்டுத்தானே தள்ளுவாங்க! தூ.

ஊட்டுக்கு வந்து பழைய கல்யாண ஆல்பத்தை எல்லாம் இறக்கிப்போட்டேன். பெரியப்பா மகன் கல்யாணம், சித்தி மக கல்யாணம், தாராபுரத்து மாமா ஊட்டுக் கல்யாணம். மேடையில குடும்பமே நெருக்கியடிச்சு நிக்குது. ஒரு போட்டோவுலகூட நாம ரெண்டு பேரும் இல்லை.

மேளம் தொடங்கினதும் "எங்க அம்மணிக்குச் சத்தம் ஆகாதுங்க"ன்னு சொல்லி, என்னைக் காருக்குள்ள உக்கார வெச்சுக் கண்ணாடியை ஏத்திவிடுவீங்களே. பக்கத்துல நீங்களும் உக்காந்துக்குவீங்க. சோறுகூட அங்கேதான். ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. உங்க முகம் அப்பத்தான் தெளிவா இருக்கும்.

ஒண்ணு கேக்கட்டுங்களா, அப்பா? சத்தம் ஆகாதது எனக்கு மட்டும்தானா?

திங்கக்கிழமை அத்தனை ஆல்பத்தையும் அந்த ஆள் மேசை மேல வெப்பேன். "எங்கப்பாவைத்தானே கேட்டீங்க, இதுல அவர் எங்கன்னு தேடுங்க"ன்னு சொல்லுவேன். தேடி முடிக்கிற வரைக்கும் அந்தக் குட்டி நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். இது சத்தியமுங்க.

காருக்குள்ள உங்க பக்கத்துல உக்காந்திருந்த,
உங்க அம்மணி