நெய்து முடித்ததும் அழிக்கவும்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போனேன். மதியம் மாதுளை வாங்கிக்கொண்டு மகள் தனப்பிரியாவின் டிசைன் கூடத்துக்குப் போனால், பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். ஆர்டர் என்று நினைத்து ஏதோ மின்னஞ்சலைத் திறந்தாளாம். அவள் வரைந்த பட்டுச்சேலை டிசைன் அத்தனையும் பூட்டிக்கொண்டன. திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று திரையில் எவனோ கேட்கிறான்.

"எட்டு வருசம்ப்பா" என்றாள்.

ஜூலை 9

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிவபிரகாஷ் சேலத்திலிருந்து வந்தார். "பேக்கப் இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறதே என்று ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினாள். அதுவும் பூட்டிக் கிடந்தது.

"எப்பவும் சொருகியே வெச்சிருந்தா அதுவும் இதோட சேர்ந்துதானுங்க போவும். பணம் அனுப்புனாலும் தொறப்பானான்னு சொல்ல முடியாதுங்க."

பீரோவின் மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது மாதிரி. வகுப்பில் இந்த உதாரணம் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 10

சாப்பிடவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டிக்கொண்டே நின்றேன் — வேறென்ன செய்ய?

ஜூலை 11, வெள்ளி

ஆவணி முகூர்த்தத்துக்கான சேலைகளைத் தொடங்க வேண்டிய நேரம். டிசைன் இல்லாமல் தறிகள் நின்றுவிட்டன. நெசவாளர் சென்னிமலை வந்து வாசலிலேயே நின்றார். "தறிய எத்தன நாளுங்க சும்மா போட்டு வெக்கிறது? வேற எடத்துல கூப்புடறாங்க." அவர்மேல் குற்றம் இல்லை. அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் நெசவாளர்கள் போய்விட்டால் இவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

டிசைனை பென் டிரைவில் போட்டுத்தான் நெசவாளர்களிடம் தருவாள். தறியில் இருக்கும் பெட்டியில் அதைச் செருகினால் தறி அந்தப் பூவை நெய்யும். அப்படியென்றால் அவர்களிடம் இருக்குமே என்று கேட்டேன். மேசையிலிருந்த சீட்டை என் பக்கம் தள்ளினாள். ஒவ்வொரு பென் டிரைவோடும் அவள் கொடுப்பது. கடைசி வரி: நெய்து முடித்ததும் அழிக்கவும்.

"டிசைன் வெளிய போயிரக் கூடாதுன்னு நான்தான்ப்பா அழிக்கச் சொன்னேன். எல்லாரும் அழிச்சாச்சுங்கன்னுதான் சொன்னாங்க."

ஜூலை 12

இன்னொரு நெசவாளர் மாரியப்பன் வீட்டுக்குப் போனேன். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாம் அழிச்சுப்போட்டனுங்க வாத்தியாரே, சத்தியமா!" என்றார். நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லையே?

அவர் மனைவி சின்னாயி சட்டென்று காபி போட உள்ளே போய்விட்டார். எத்தனை வருஷம் வகுப்பில் நின்றவன் நான். கண்ணாடியை உடைத்த பிள்ளைதான் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லும். ஆனால் அதட்டினால் ஒரு பிள்ளையும் ஒப்புக்கொண்டது கிடையாது.

ஜூலை 13, ஞாயிறு

"எல்லாத்தையும் மூடிரலாம்ப்பா" என்கிறாள். அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 14

எல்லா நெசவாளர்களையும் கூடத்துக்கு வரச் சொன்னேன். காணாமல் போன காம்பஸ் பெட்டியை வகுப்பில் எப்படித் திரும்ப வாங்குவேனோ, அதையேதான் செய்தேன். மேசைமேல் ஒரு மஞ்சள் பை. "நாளைக்கு இங்க கூடி எல்லாரும் கண்ணை மூடிக்குவோம். அழிக்க மறந்தது எதாச்சும் ஊட்டுல கெடந்தா, அப்பக் கொண்டாந்து இந்தப் பையில போடுங்க. யார்னு நானும் கேக்க மாட்டேன், பிரியாவும் கேக்க மாட்டா."

"நாங்க என்ன ஒண்ணாங்கிளாசுங்களா?" என்று சின்னாயி சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். ஒன்றுமே வராவிட்டால்? அதற்குமேல் எனக்கும் வேறு வழி தெரியாது.

ஜூலை 15

மறுபடி கூடினார்கள். கண்ணை மூடினோம். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிறகு 'டொக்'. இன்னொரு 'டொக்'. அப்புறம் நிற்கவே இல்லை. சின்னாயி பக்கமிருந்து வளையல் சத்தமும் கேட்டது.

அவர்கள் போனதும் பிள்ளை பையைக் கவிழ்த்தாள். மேசை நிறைய பென் டிரைவ்கள். மகிழ்வாள் என்று பார்த்தால் முகம் சிவந்துவிட்டது. "அப்ப இத்தன வருசமும் எல்லாருமே என்னை ஏமாத்திட்டுத்தான் இருந்தாங்களா? யாரு எதப் போட்டாங்க, பாத்தீங்களா?"

"கண்ணை மூடச் சொன்னா வாத்தியாரும் மூடணும் சாமி."

அப்போதுதான் அழுதாள். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து தேங்கியிருந்தது எல்லாம்.

ஜூலை 17, ஆடி ஒன்று

எல்லாம் கிடைக்கவில்லை. யாரும் நெய்யாத டிசைன்கள் போனது போனதுதான். தன் கல்யாணச் சேலைக்கென்று ஆசையாக வரைந்து வைத்திருந்த மாங்காய் பார்டரும் அதில் ஒன்று.

சிவபிரகாஷ் வந்து கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்துப் புதிதாக்கிவிட்டார். சாயங்காலம் பிரதி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி என் சாப்பாட்டுப் பையில் போட்டுவிடுகிறாள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

ஜூலை 21, திங்கள்

மாரியப்பன் புது டிசைன் வாங்க வந்தார். சீட்டின் கடைசி வரியை அவள் பேனாவால் அடித்து, மேலே 'அழிக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரிங்கம்மணி" என்றார். "இனிமேலாச்சும் சொன்ன பேச்சக் கேக்கறனுங்க."