நீங்கள் திட்டாமல் விட்ட ஆறு பேர்

அக்கா,

ஞாயிறு பள்ளி அலமாரியை இன்று திறந்தேன். அந்துருண்டை வாடையோடு, துணியில் வெட்டிய உங்கள் கதைப் படங்கள் வெளியே வந்தன. காது கிழிந்த கழுதையை நீங்கள் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

உங்கள் கடைசி விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு உதவுகிறோம் என்று ஆறு பேர் கையைத் தூக்கினோம். மூன்றாம் நாளே ஆள் குறைந்தது. ஒருவருக்கு நாகப்பட்டினத்தில் கல்யாணம், ஒருவருக்குப் பருத்தி எடுக்க ஆள் வந்துவிட்டது. வகுப்பு தொடங்கும் நேரத்தில்தான் செய்தி வரும்: "வர முடியலக்கா, ஜெபிச்சுக்கிறோம்." நீங்கள் காய்ச்சலோடு அத்தனை பிள்ளைகளையும் ஒரே கூட்டமாக உட்காரவைத்துக் கதை சொன்னீர்கள். என்னிடம் ஒரே ஒரு தடவை குறைப்பட்டுக்கொண்டீர்கள்.

"வரலன்னா முந்தின நாளே சொல்லிடுங்க. நான் வேற ஏற்பாடு பண்ணிக்குவேன். வாசலையே பாத்துட்டிருக்கிறதுதான் கஷ்டம்."

ஐப்பசி மழையில் உங்களை அடக்கம் செய்தோம். மற்ற ஐந்து பேரும் மைக்கைப் பிடித்து, உங்களுக்குத் தோள் கொடுத்ததாகப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழிவாங்கினேன் அக்கா. போதகரிடம் கேட்டு உங்கள் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். யாருக்கு எந்த ஞாயிறு என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். "பேர் இருக்கிறவங்க வரலன்னா நீங்களே கேளுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். அவர்கள் விடுவார்களா? பருத்திக்காரரைக் கீழ்வேளூர் கடைத்தெருவில் பிடித்துவிட்டார்கள்.

"போன வாரம் ஏன் சார் வரல? நாங்க உக்காந்தே இருந்தோம்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, அவர் முகம் சுண்டிப்போனது. என் வயிறு குளிர்ந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இப்போதெல்லாம் வர முடியாதவர்கள் சனிக்கிழமையே போன் செய்துவிடுகிறார்கள்.

போன ஞாயிறு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"மே மாசம் லீவு பைபிள் ஸ்கூல் கடைசி நாள் நீங்க ஏன் டீச்சர் வரல? அக்கா உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தாங்க."

பாட்டு நடத்தும் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று முறுக்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். ஆனால் அவளிடம், "உடம்பு சரியில்ல" என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

நீங்கள் யாரையும் ஒரு வார்த்தை திட்டாமல் போய்விட்டீர்கள். அந்தக் கோபம் முழுவதும் இப்போது என்னிடம் இருக்கிறது. ஐந்து பேருக்குக் கொடுத்தாயிற்று. வருகிற ஞாயிறு ஆறாவது ஆளைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி உண்மையைச் சொல்லவைக்கப் போகிறேன். அவளை நான் சும்மா விடுவதாக இல்லை.