ஏதென்ஸ் பேச்சின் ஏழாம் தாள்

நேற்று ஓய்வூதியப் பேப்பர்களைத் தேடி, எங்கள் கல்யாணப் பத்திரம் கிடக்கும் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். றோல்ஸ் பலகாரம் பொரித்த எண்ணெய் மணந்தது. உமது கையெழுத்தில் ஏழு தாள்கள். நீர் கண்மூடி ஒரு வருடமாகிவிட்டது. அந்த மணம் இன்னும் போகவில்லை.

கிரேக்கம் ஐரோப்பிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை வென்ற கோடையில், இங்கே ஜெர்மனியில் எசன் நகரத் தமிழ்ச் சங்கத்தார் என்னைக் கிரேக்கம் பற்றிப் பேசக் கேட்டார்கள். எனக்கு அவர்களின் கோல்காப்பாளரைத் தவிர வேறொருவரையும் தெரியாது. நூலகத்தில் ஜெர்மன் புத்தகங்களை எடுத்து வாசித்து, பண்டைய கிரேக்கப் பெண்களைப் பற்றி முழுப் பேச்சையும் எழுதித் தந்தது நீர்.

"இஞ்சருங்கோ, எழுதினது நான் எண்டு சொல்லுவீங்களோ?" என்று கேட்டீர்.

"சனத்துக்கு அது என்னத்துக்கு?" என்றேன். நீர் மாவை ஓங்கி அடித்துக் குழைத்தீர். அந்த அடிக்கு நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மண்டபத்தில் வெளுத்து வாங்கினேன். ஏதென்சில் பெண்ணுக்குச் சபையில் இடமில்லை. விருந்தில் ஆண்கள் சாய்ந்திருந்து தத்துவம் பேச, வீட்டுப் பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள் என்று முழங்கினேன். முன்வரிசை அண்ணைமார் றோல்ஸைக் கடித்தபடி "அநியாயம்!" என்றார்கள். அதைப் பொரித்த பெண்கள் எல்லோரும் குசினி அடுப்படியில். எனக்கு அது உறைக்கவே இல்லை.

"ஒரு ஞானி மட்டும் மாறிச் சொன்னார். என்ன சொன்னார் தெரியுமோ?" என்று கேட்டு ஏழாம் தாளைப் புரட்டினேன். இருந்ததை அப்படியே உரக்க வாசித்தும் விட்டேன்.

"மிச்சத்தை எழுதின ஆளிட்டைக் கேளுங்கோ. அவ குசினியில நிக்கிறா."

மண்டபமே சிரித்தது. நீர் மாக் கையோடு வந்து மைக்கைப் பிடித்தீர்.

"மந்தையைக் காக்கப் பெட்டை நாயும்தானே போகுது? குட்டி போடுறதெண்டு வீட்டிலையா விடுறம்? அப்ப நாட்டைக் காக்கப் பெண்ணுக்கு மட்டும் ஏன் ஏலாது எண்டு அந்த மனுசன் கேட்டவர்."

பிறகு என் பக்கம் திரும்பினீர். "எண்ணெய் காயுது. போய்ப் பாருங்கோ."

போனேன். ஒரு மணித்தியாலம் உம்மிடம் கேள்வி கேட்டார்கள். நான் கருக்கிய றோல்ஸைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் உம்மிடம் சொல்லாமல் விட்டேன்.

இந்த வருடமும் பேசக் கேட்டார்கள். "பேச எனக்கு ஏலாது, றோல்ஸ் பொரிக்கிறன்" என்றேன். இப்போது கருகுவதில்லை.

அந்தப் பேச்சை எழுதியது நீர்தான் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். கேளாதவர்களுக்கும் சொல்கிறேன். இன்று காலை ஓய்வூதிய அலுவலகத்துப் பெண்ணுக்கும் சொன்னேன். பாவம், அவர் என் பிறந்த திகதியைத்தான் கேட்டார்.