ஹூக்கா குடிக்கும் மகன்

கினா,
பிப்ரவரி 3

அன்புள்ள பக்ரிக்கு,

உங்களுக்கு மகன் பிறந்திருக்கிறான், ஏழாம் மாதத்திலேயே. பயப்படாதீர்கள், உயிரோடு இருக்கிறான்.

பிறந்ததும் அழவில்லை. உங்கள் அக்கா நபவிய்யா, "தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டுங்கடி!" என்று கத்தினார். நர்ஸ் சமீஹா அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். குழந்தையின் தலையை நேராக வைத்து, மூக்கும் வாயும் மூடும்படி சின்ன முகமூடியைப் பொருத்தி, ரப்பர் பையை மெல்ல மெல்ல அமுக்கினார். மார்பு எழும்பியது. ஒரு முனகல் கேட்டது. நான் அழுதுவிட்டேன்.

இப்போது மூக்கில் காற்றுக் குழாய். அதன் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருந்தால் நுரையீரல் சுருங்கிப்போகாதாம். நாள் முழுக்க ஹூக்கா குடிக்கிறான் உங்கள் பிள்ளை! என்ன பெயர் வைக்கலாம்?

உங்கள்
இன்சாஃப்

அம்மான் நகரம்,
பிப்ரவரி 12

என் இன்சாஃபுக்கு,

உன் கடிதத்தைக் கட்டடச் சாரத்தின் மேல் நின்றே படித்தேன். மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

பெயர் வேண்டாம். முன்னே இரண்டு பேருக்கு ஆசை ஆசையாய்ப் பெயர் வைத்தோம். புதைக்கும்போதுதான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். இவனைப் பிச்சைக்காரன் என்றே கூப்பிடு. கண்படாது. மூன்றாவது தடவை தாங்க எனக்குத் தெம்பில்லை. கண்ணேறு கழிய நீலமணி கட்டச் சொல்லி அக்காவுக்கும் எழுதியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

பக்ரி

கினா,
மார்ச் 1

அன்புள்ள பக்ரிக்கு,

உங்கள் நீலமணியின் லட்சணத்தைக் கேளுங்கள். அக்கா அதை யாருக்கும் தெரியாமல் மூக்குக் குழாயிலேயே கட்டிவிட்டார். எலுமிச்சம்பழம் அளவு மணி! அதன் கனத்தில் குழாய் நழுவி, தண்ணீரின் கொப்பளிப்பு அடங்கிப்போனது. "பாருடி, எவ்வளவு அமைதியாத் தூங்குறான்!" என்று பூரிக்கிறார் அக்கா. குழந்தையின் உதடு கறுத்துக்கொண்டிருந்தது. நான் அலறிய அலறலில் சமீஹா பறந்து வந்து முகமூடியை வைத்தார். உடம்பு மறுபடி சிவக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

அக்காவைத் திட்டாதீர்கள். அன்றிலிருந்து அந்தப் பாட்டிலுக்கு அவர்தான் காவல். கொப்பளிப்பு கொஞ்சம் குறைந்தாலும், "அடியே சமீஹா, ஓடிவாடி!" என்று வார்டையே எழுப்பிவிடுகிறார்.

நேற்றுக் குழாயைக் கழற்றினார்கள். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவன் பாட்டுக்கு மூச்சு விட்டான். பிறகு வீறிட்டு அழுதான் பாருங்கள், பக்கத்து வார்டுப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள்!

ஒவ்வொரு மூச்சையும் சண்டைபோட்டு வாங்கியவனை எப்படிப் பிச்சைக்காரன் என்பேன்? முந்தஸிர் என்று பதிந்துவிட்டேன். வென்றவன் என்று அர்த்தம். ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவேன். பயமாக இருந்தால், வந்து அவனை மடியில் வைத்துக்கொண்டு பயப்படுங்கள்.

இப்படிக்கு,
முந்தஸிரின் அம்மா