தையல் வகுப்பில் என் பேர்

நைனா,

நீ எழுத்துக் கூட்டிப் படிக்கணும்னு பெரிசா எழுதிகிறேன். நெத்திலிக் கொழம்பு சட்டியில கீது. திரும்ப வெளிய போனா சாவிய பக்கத்து வூட்டு ஆலிஸ் அக்காகிட்ட குடு.

நாலாம் பாரம் வகுப்புல கணக்கு எடுத்த பொண்ணுங்க பேரை நேத்து டீச்சர் படிச்சாங்க. என் பேர் இல்ல. என்னைத் தையல், சமையல் வகுப்புல போட்டுகிறாங்க. தப்பா எழுதிட்டீங்கன்னு நான் சண்டை போட்டேன். டீச்சர் நீ குடுத்த காகிதத்தை எடுத்துக் காட்டினாங்க. தையல்னு போட்டுகீது. அடியில உன் கையெழுத்து.

கணக்குன்னுதான் குடுத்துட்டு வந்தேன்னு என் தலைமேல கை வெச்சி சொன்னியே நைனா!

அண்ணன் சேவியருக்கு மட்டும் கணக்கு. அவன் வூட்டுக்கணக்கைப் போட்டுத் தர்றது யாருன்னு உனக்கே தெரியும். இனிமே போட மாட்டேன்.

இஸ்கூலுக்குப் போறேன்.

ரெஜினா

கொழம்புல உப்பு கம்மி. வேணும்னா போட்டுக்கோ.

இன்னொண்ணு. தவக்காலம் நாப்பது நாளும் உன் கையைப் புடிச்சி சிலேட்டுல உன் பேரை எழுதப் பழக்கினேன். ஹார்பர்ல கூலி வாங்கறப்போ கூச்சப்பட்டுகினு இன்னும் கைநாட்டுதான் வெக்கிறே. நீ மொதமொதல்ல கையெழுத்துப் போட்டது டீச்சர் காட்டின அந்தக் காகிதத்துலதான். ஒரு எழுத்துகூட கோணல் இல்ல, நைனா.